சிறுவர் தற்காப்புக்கலைப் பயிற்சியும் கொடுமைப்படுத்தலும்

பாடசாலையிலோ விளையாட்டிடத்திலோ சக மாணவரால் தொடர்ந்து துன்புறுத்தப்படும் சிறுவர், அத்துன்பத்தை எதிர்கொள்ளும் ஆற்றலைப் பெறும் பொருட்டு ஜூடோ, கராத்தே, தேக்வாண்டோ முதலிய தற்காப்புக்கலைகளைப் பயில்வது பல நாடுகளில் காணப்படும் ஒரு வழக்கம் ஆகும். இப்பயிற்சி சிறுவரின் அச்சத்தைக் குறைத்து, தன்னடக்கத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்க்கிறது என்பது இதனை ஆதரிப்போரின் கருத்து. வன்முறைக்கு வன்முறையே மருந்து என்னும் எண்ணத்தை இது ஊட்டிவிடும் என்பது எதிர்ப்போரின் கருத்து. இரு கருத்துகளுக்கும் ஆய்வுச் சான்றுகள் உள்ளன.

இக்கட்டுரை ஜூடோவை முதன்மையாகக் கொண்டு இவ்விடயத்தை விளக்குகிறது. ஜூடோவைத் தோற்றுவித்தவரே சிறுவயதில் கொடுமைப்படுத்தலுக்கு உள்ளானவர் என்பதும், அக்கலையைப் பாடசாலைக்குள் கொண்டுசென்ற ஜப்பானின் பட்டறிவு நன்மை தீமை இரண்டையும் தெளிவாகக் காட்டுகிறது என்பதும் இதற்குக் காரணங்கள்.

வரைவிலக்கணம்

கொடுமைப்படுத்தல் என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்படும் வரைவிலக்கணத்தைத் தந்தவர் சுவீடனில் பிறந்து நோர்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியூஸ் (1931-2020) ஆவார். அவர் கூற்றுப்படி, ஒரு செயல் கொடுமைப்படுத்தல் எனப்பட மூன்று கூறுகள் இருத்தல் வேண்டும். அது வேண்டுமென்றே செய்யப்பட வேண்டும். திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். இரு தரப்பினருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். சம வலிமையுள்ள இரு சிறுவர் ஒரு நாள் சண்டையிட்டுக்கொள்வது இதில் அடங்காது.

மூன்றாவது கூறு இங்கு முக்கியமானது. வலிமை என்பது உடல் வலிமை மட்டும் அன்று. எண்ணிக்கை, வயது, பேச்சுத்திறன், வகுப்பில் உள்ள செல்வாக்கு ஆகியனவும் வலிமையே. தற்காப்புக்கலை இவற்றுள் உடல் வலிமையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே நேரடியாகத் தொடுகிறது. ஏனையவற்றை அது தொடுமாயின் சுற்றுவழியில்தான் தொடும்.

தமிழில் இதனைக் குறிக்கப் பகடிவதை என்னும் சொல்லும் வழங்குகிறது. மலேசியத் தமிழ் ஊடகங்கள் பாடசாலைக் கொடுமைப்படுத்தலை இச்சொல்லால் குறிக்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது பெரும்பாலும் கல்லூரிகளில் புதிய மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் ராகிங்கைக் குறிக்கிறது. ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1997 இலும் இலங்கையில் 1998 இலும் இயற்றப்பட்டது. சிறுவரிடையே நிகழும் கொடுமைப்படுத்தல் இதனின்றும் வேறுபட்டது. அதற்குப் புதுமுக மாணவர் என்னும் கால எல்லை கிடையாது.

கானோ ஜிகோரோ

ஜூடோவின் தந்தை எனப்படும் கானோ ஜிகோரோ 1860 இல் கோபே நகருக்கு அருகில் உள்ள மிக்காகே என்னும் ஊரில், சாக்கே எனும் அரிசி மது வடிக்கும் தொழிலுடன் தொடர்புடைய ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தார். தாயார் இறந்த பின்னர், தந்தையாரோடு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு தனியார் பாடசாலையின் விடுதியில் தங்கிக் கல்வி கற்றபோது மூத்த மாணவர்களால் துன்புறுத்தப்பட்டார். அவர் படிப்பில் சிறந்தவர். ஆனால் உருவத்தில் மிகச் சிறியவர். வளர்ந்த பின்னரும் அவரது உயரம் ஏறத்தாழ 157 சென்டிமீட்டரே.

குடும்ப நண்பர் ஒருவர் ஜுஜுட்சு என்னும் பழைய போர்க்கலையைப் பற்றி அவருக்குக் கூறினார். சிறிய உருவம் கொண்டவர் பெரியவரை வீழ்த்த அதில் வழி உண்டு என்பதே சிறுவனைக் கவர்ந்தது. கற்பிக்கும்படி கேட்டபோது அந்நண்பர் மறுத்துவிட்டார். மெய்ஜிக் காலத்தில் ஜுஜுட்சு பழமைப்பட்டதாகவும் முரடர் கலையாகவும் கருதப்பட்டது. தந்தையாரும் முதலில் இணங்கவில்லை. மகனின் ஆர்வம் தணியாதது கண்டு, தொடங்கினால் முழுமையாகக் கற்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு பின்னர் இசைந்தார்.

1877 இல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதுதான் கானோவுக்கு ஆசிரியர் கிடைத்தார். எலும்பு முறிவு வைத்தியம் செய்தவர்களிடையே ஜுஜுட்சு அறிந்தவர் பலர் இருந்தனர். அவ்வகையில் ஒருவரை அணுகி, அவர் மூலம் டென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த ஃபுகுடா ஹச்சினோசுக்கே என்பவரிடம் சேர்ந்தார். கொடுமைப்படுத்தப்பட்ட காலத்துக்கும் பயிற்சி தொடங்கிய காலத்துக்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது. தம்மைத் துன்புறுத்தியவர்களை அவர் பின்னர் சென்று வீழ்த்தினார் என்பது போன்ற கதைக்கு இடமில்லை.

பயிற்சிக்கூடத்தில் தம்மினும் மிகப் பருத்த ஒரு மாணவரை அவரால் வெல்ல இயலவில்லை. சுமோ மல்யுத்தப் பிடிகளை ஆராய்ந்தும், நூலகத்தில் மேனாட்டு மல்யுத்தம் பற்றிய நூல்களைத் தேடியும், எதிராளியைத் தோளின் மேல் சுமந்து புரட்டும் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டு அவரை வீழ்த்தினார். இது இன்று கத்தா குருமா, அதாவது தோள் சக்கரம், என அழைக்கப்படுகிறது.

1882 இல் டோக்கியோவின் எய்ஷோ-ஜி என்னும் பௌத்தக் கோயிலில், 12 பாய்கள் விரித்த ஓர் அறையில், ஒன்பது மாணவருடன் கோடோக்கான் என்னும் தம் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் நேரடிப் பயிற்சியினின்று விலக்கி, முழு வலிமையோடு மோதினாலும் இருவரும் நலமாக வீடு திரும்பத்தக்க ஒரு முறையை வகுத்தார். 'ஜுட்சு' (நுட்பம்) என்பதற்குப் பதிலாக 'டோ' (நெறி) என்னும் சொல்லை அவர் வைத்தது இக்கருத்தினாலேயே. ஜூடோவின் நோக்கம் உடற்கல்வி, போட்டி, ஒழுக்கப் பயிற்சி என்னும் மூன்றும் ஆகும் என 1889 இல் ஆற்றிய உரையில் விளக்கினார். ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்தல், தானும் பிறரும் சேர்ந்து செழித்தல் என்பன அவர் பிற்காலத்தில் வகுத்த இரு கொள்கைகள். முதற்கொள்கை எல்லாத் தற்காப்புக்கலைக்கும் பொருந்தும். துன்புறுத்தப்பட்ட சிறுவன் ஒருவன் வளர்ந்து இரண்டாவது கொள்கைக்கு வந்துசேர்ந்தான் என்பதே சிறப்பு.

கானோ தொழிலால் ஆசிரியர். டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலையின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றினார். 1909 இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினர் ஆனார். 1938 இல் கப்பற் பயணத்தின்போது காலமானார்.

பயிற்சியில் சிறுவர் கற்பவை

ஜூடோவில் ஒரு சிறுவர் முதலிற் கற்பது எறிதல் அன்று, விழுதல். இதற்கு உக்கேமி என்று பெயர். தாடையை மார்போடு ஒட்டித் தலை தரையில் மோதாமற் காத்து, கையால் பாயை அறைந்து அதிர்ச்சியைப் பரப்பும் இம்முறை வாரக்கணக்கிற் பயிலப்படுகிறது. துன்புறுத்தப்படும் சிறுவருக்கு இது நேரடியாகப் பயன்படும் பயிற்சி எனலாம். அவர்கள் அஞ்சுவதில் ஒன்று பிறர் முன்னிலையில் தள்ளப்பட்டு விழுவது. ஒரு மாலையில் ஐம்பது முறை விழுந்து எழுந்தவருக்கு விழுதல் அவமானமாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது ரந்தோரி என்னும் கட்டற்ற பயிற்சி. இதில் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு உண்மையாகவே மோதுகின்றனர். தம்மினும் பெரியவர் ஒருவரின் பிடியில் இருந்துகொண்டே மூச்சைச் சீராக்கவும் யோசிக்கவும் இயலும் என்பதைச் சிறுவரின் உடல் கற்றுக்கொள்கிறது. அறிவுரையால் இதனைக் கற்பிக்க இயலாது.

பிடி தாங்க இயலாதபோது எதிராளியின் உடலையோ பாயையோ இரு முறை தட்ட வேண்டும். தட்டிய கணமே மற்றவர் விட்டுவிட வேண்டும். இவ்விதிக்கு விலக்கு இல்லை. வெல்லும் நிலையில் உள்ளவர் மற்றவரின் வேண்டுகோளுக்கு உடனே பணிவது கொடுமைப்படுத்தலுக்கு நேர் எதிரானது. போதும் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கும், அதனைக் கேட்கும் கடமை மற்றவருக்கும் உண்டு என்பதை இருவரும் மாறி மாறிப் பழகுகின்றனர். துன்புறுத்தும் இயல்புள்ள சிறுவருக்கும் இப்பயிற்சி பயன்படலாம் என்று கூறுவோர் முதன்மையாகச் சுட்டுவது இதனையே.

கராத்தே, தேக்வாண்டோ ஆகியவற்றில் தொடுகை குறைவு. வரிசையாக நின்று செய்யும் அசைவுத் தொடர்களும் குரலெழுப்பலும் மிகுதி. கூச்சமுள்ள சிறுவர் உரத்த குரலில் கத்தப் பழகுவது இங்கே பயன்தருகிறது. கொடுமைப்படுத்தலை எதிர்கொள்ளவென்றே அமைந்த வகுப்புகள் பல, அடி உதையை விட இதனையே முதன்மைப்படுத்துகின்றன. நிமிர்ந்து நிற்றல், கண்ணைப் பார்த்தல், இரு கைகளையும் விரித்து முன்னே காட்டி "நிறுத்து" என்று தெளிவாகச் சொல்லுதல், இடைவெளி விட்டு விலகுதல், பெரியவரிடம் தெரிவித்தல் ஆகியன நாடகம் போல் நடித்துப் பழக்கப்படுகின்றன. ஜூடோவினின்று பிரேசிலில் கிளைத்த பிரேசிலிய ஜுஜுட்சுவில், அடிக்காமலேயே எதிராளியைத் தரையில் அமர்த்திப் பிடித்துவைக்கும் முறைகள் மிகுதியாக இருப்பதால், அண்மைக் காலத்தில் பெற்றோர் பலர் அதனை நாடுகின்றனர்.

பயிற்சிக்கூடம் தரும் மற்றொரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. வகுப்பில் நட்பின்றித் தனித்திருக்கும் சிறுவரே கொடுமைப்படுத்தலுக்கு எளிதில் இலக்காகின்றனர். பாடசாலைக்கு வெளியே, தம் பழைய பெயரையும் பட்டப்பெயரையும் அறியாத வேறொரு குழுவில் இடம் பெறுவது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். இதனைச் சதுரங்கக் கழகமோ இசை வகுப்போ கூடத் தரக்கூடும் என்பது உண்மையே.

ஆய்வுகள்

1986 இல் வெளியான ட்ரல்சன் என்பாரின் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 13 முதல் 17 வயது வரையான, குற்றப் போக்குள்ள 34 இளைஞர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு ஆறு மாதம் பயிற்றப்பட்டனர். நெறிமுறை, தியானம் ஆகியவற்றோடு கூடிய மரபுவழித் தேக்வாண்டோ பயின்ற குழுவில் வன்போக்கு குறைந்தது. சண்டை நுட்பத்தை மட்டும் பயின்ற குழுவில் அது கூடியது. தொகை மிகச் சிறியது என்பதால் இம்முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். எனினும் எந்தக் கலை என்பதை விட எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதே முக்கியம் என்னும் கருத்து இதிலிருந்தே வலுப்பெற்றது.

2004 இல் லேக்ஸ், ஹொயிட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பாடசாலை ஒன்றைச் சேர்ந்த 207 சிறுவரில் ஒரு பகுதியினர் வழக்கமான உடற்கல்விக்குப் பதிலாக மூன்று மாதம் தேக்வாண்டோ பயின்றனர். அவர்களின் தன்னடக்கமும் வகுப்பறை நடத்தையும் மற்றவரை விட முன்னேறின. ஆண்பிள்ளைகளிடம் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது.

நேரடியாகக் கொடுமைப்படுத்தலை நோக்கி அமைந்த திட்டங்களுள் அறியப்பட்டது, மனநல மருத்துவர் ஸ்டூவர்ட் ட்வெம்லோவும் பிறரும் அமெரிக்காவில் நடத்திய மென்மையான வீரர் திட்டம் ஆகும். தற்காப்புக்கலை அசைவுகளோடு கதை சொல்லலும் நடித்துக் காட்டலும் இணைந்த இதன் முடிவுகள் 2008 இல் வெளியாயின. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையான 254 சிறுவரில், கூடுதல் வகுப்புகளுக்கு வந்த ஆண்பிள்ளைகளிடம் வன்போக்கு குறைந்ததும், பிறர் துன்புறுத்தப்படும்போது உதவ முன்வருவது கூடியதும் காணப்பட்டன. பெண்பிள்ளைகளிடம் இவ்விளைவு காணப்படவில்லை.

உதவ முன்வருதல் ஏன் முக்கியம் என்பதைக் கனடாவில் மறைவான ஒளிப்பதிவின் மூலம் விளையாட்டிடங்களைக் கவனித்த ஆய்வு (2001) காட்டுகிறது. கொடுமைப்படுத்தல் நிகழ்வுகளில் 88 விழுக்காட்டில் வேறு சிறுவர் உடனிருந்தனர்; 19 விழுக்காட்டில் மட்டுமே எவரேனும் தலையிட்டனர். தலையிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து நொடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பயிற்சி பெற்ற சிறுவரின் துணிவு, தம்மைக் காப்பதை விடப் பக்கத்தில் நிற்பவரைக் காக்கும்போது கூடுதலாகப் பயன்படும் என்று இதனைக் கொண்டு கருதலாம்.

இவற்றுக்கு மாறான முடிவைத் தந்தது எண்ட்ரெசென், ஒல்வியூஸ் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட நோர்வே ஆய்வு. 11 முதல் 13 வயதில் இருந்த 477 ஆண்பிள்ளைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்ததில், குத்துச்சண்டை, மல்யுத்தம், பாரம் தூக்குதல், கிழக்காசியத் தற்காப்புக்கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடம் விளையாட்டுக்கு வெளியிலும் வன்முறையும் சமூக ஒவ்வா நடத்தையும் கூடின. கொடுமைப்படுத்தலுக்கு வரைவிலக்கணம் தந்த ஒல்வியூஸே இதன் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதால் இதனை எளிதில் ஒதுக்க இயலாது. நான்கு விளையாட்டுகளும் ஒன்றாகத் தொகுக்கப்பட்டமை குறையாகச் சொல்லப்படுகிறது. 2017 இல் 12 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பகுப்பாய்வு ஒன்று, தற்காப்புக்கலைப் பயிற்சி சிறுவர், இளையோரின் வன்போக்கைக் குறைக்கிறது என்னும் முடிவுக்கு வந்தது. அவ்வாய்வுகளில் பங்கேற்றோர் மொத்தம் 507 பேர் மட்டுமே.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் அளந்தது பயிற்சி பெற்றவரின் வன்போக்கையே. துன்புறுத்தப்பட்ட சிறுவருக்கு அத்துன்பம் குறைந்ததா என்னும் கேள்வி, பெற்றோர் கேட்கும் முதற்கேள்வியாயினும், குறைவாகவே ஆராயப்பட்டுள்ளது.

ஜப்பானியப் பாடசாலைகளில்

ஜப்பானில் கொடுமைப்படுத்தல் இஜிமே எனப்படுகிறது. ஒரு மாணவரை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒதுக்குவது இதன் அறியப்பட்ட வடிவம். இதற்கு எறிதல் நுட்பம் எதுவும் பயன்படாது. 2011 இல் ஓட்சு நகரில் 13 வயது மாணவர் ஒருவர் கொடுமைப்படுத்தலுக்கு உள்ளாகித் தற்கொலை செய்துகொண்டது நாட்டை உலுக்கியது. அதன் விளைவாக 2013 இல் இஜிமேத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பாடசாலைகளுக்கும் உள்ளூராட்சிகளுக்கும் விசாரிக்கும் கடமையை அச்சட்டம் விதித்தது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2012 இல், இளநிலை இடைநிலைப் பாடசாலைகளில் ஜூடோ, கெண்டோ, சுமோ போன்ற கலைகளுள் ஒன்று கட்டாயப் பாடமாக்கப்பட்டிருந்தது. அப்போது பெற்றோரை அச்சுறுத்தியது வேறொன்று. 1983 இலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பாடசாலை ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் இறந்திருந்தனர். நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உச்சிதா ரியோ இத்தகவல்களைத் தொகுத்து வெளிக்கொணர்ந்தார். இறப்புகளிற் பல தலைக்காயத்தால் நேர்ந்தவை. இறந்தோருள் விழுதலை முறையாகப் பழகாத முதலாண்டு மாணவர் மிகுதி. பயிற்சி என்ற பெயரில் மூத்தோர் இளையோரைக் களைப்புறும் வரை திரும்பத் திரும்ப எறிந்த நிகழ்வுகளும் இருந்தன. கொடுமையினின்று காக்க வந்த கலையே கொடுமையின் கருவி ஆயிற்று என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. இக்கவனிப்புக்குப் பின் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன.

2013 இல் ஜப்பானியத் தேசியப் பெண்கள் அணியைச் சேர்ந்த 15 பேர், பயிற்றுநர் தம்மை அடித்ததாக முறையிட்டதை அடுத்துத் தலைமைப் பயிற்றுநர் பதவி விலகினார். 2022 இல் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப் பாடசாலை மாணவருக்கான தேசியத் தனிநபர் போட்டியை நிறுத்தியது. வெற்றியையே குறியாகக் கொண்டு பெரியவர்கள் சிறுவரை வருத்துகின்றனர் என்பது கூறப்பட்ட காரணம்.

வரம்புகள்

துன்புறுத்துவோர் பலராக இருக்கும்போதும், துன்புறுத்தல் பேச்சாலோ ஒதுக்கலாலோ கைபேசி வழியாகவோ நிகழும்போதும் உடல் நுட்பத்துக்கு வேலை இல்லை. திருப்பித் தாக்கிய சிறுவரைப் பாடசாலை இருதரப்புச் சண்டையாகக் கருதித் தண்டிப்பதும் உண்டு. பாயின் மேற் பாதுகாப்பான எறிதல், சீமெந்துத் தரையில் மண்டையை உடைக்கக்கூடியது.

பயிற்சிக்கு அனுப்பிவிட்டதோடு தம் கடமை முடிந்ததாகப் பெற்றோரும் ஆசிரியரும் கருதிவிடுவது இவற்றினும் பெரிய இடர். கொடுமையை நிறுத்தும் பொறுப்பு அதனால் துன்புறும் பத்து வயதுச் சிறுவரின் மேல் ஏற்றப்படுகிறது; பயின்ற பின்னும் அடிபட்டால், அது அவர்களின் தோல்வியாகவும் ஆகிவிடுகிறது. ஒல்வியூஸ் வகுத்த தடுப்புத் திட்டம், மாறாக, பெரியவரின் கண்காணிப்பையும் வகுப்பு விதிகளையும் அடிப்படையாகக் கொண்டது.

பயிற்சிக்கூடத்தைத் தேர்வோர் சில வகுப்புகளை நேரிற் பார்ப்பது நன்று. தட்டியவுடன் பிடி விடப்படுகிறதா, மிகத் திறமை குறைந்த சிறுவரைப் பயிற்றுநர் எவ்வாறு நடத்துகிறார், தலையில் அடிபட்டவர் உடனே ஓய்வுக்கு அனுப்பப்படுகிறாரா என்பவை சுவரில் தொங்கும் பதக்கங்களை விடக் கூடுதலாக உணர்த்தும். பெற்றோரைப் பார்க்க விடாத கூடங்களைத் தவிர்க்கலாம்.

திரைப்படத்தில்

1984 இல் வெளியான தி கராத்தே கிட் என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்விடயத்தை உலகெங்கும் பரப்பியது. புதிய ஊரில் துன்புறுத்தப்படும் டேனியல் என்னும் இளைஞன், மியாகி என்னும் ஜப்பானிய முதியவரிடம் கராத்தே கற்றுப் போட்டியில் வெல்வது கதை. அவனைத் துன்புறுத்துவோரும் கராத்தே மாணவரே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இதன் தொடர்ச்சியாக 2018 இலிருந்து 2025 வரை வெளியான கோப்ரா காய் என்னும் தொடரில், உதட்டுத் தழும்பிற்காகக் கேலி செய்யப்பட்ட ஒரு மாணவன் கராத்தே கற்று, தலைமயிரை நிமிர்த்திச் சாயமிட்டு, பருந்து எனப் பெயர் மாற்றிக்கொண்டு, சில மாதங்களில் தானே பிறரைத் துன்புறுத்துபவனாக மாறுகிறான்.